மண் கேட்காத செடிக்கு ஒரு மண் தொட்டி

(விருத்தாசலத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களும் பீங்கான் தொழில் செய்பவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விருத்தாசலத்துக்கு வந்து தொட்டியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. களிமண்ணைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, முன்வரிசையில் இருப்பவர்களின் நகக்கண்ணில் அதிகம் ஒட்டியிருக்கிறது. ஆகையால் நான் செடியின் பக்கம் நின்றுகொள்கிறேன். செடிக்கு என்ன வேண்டும் என்று சொல்வது என் பாடு. அதை எந்தச் சூட்டில் சுட்டுத் தருவது என்பது உங்கள் பாடு.

மேசைமேல் இருக்கிற செடியை இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். ஜன்னல் கம்பியிலும் மாடிப்படி ஓரத்திலும் தொங்கிக்கொண்டிருக்கும். தட்டையான, ஓரம் நெளிந்த பச்சைத் தண்டுகள் தொட்டி விளிம்பைத் தாண்டி முழக்கணக்கில் கீழே இறங்கும். பூக்காத நாளில் இதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பூக்கிற ராத்திரியில் தெருவே உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கும். எட்டு, ஒன்பது மணிக்கு இதழ் விரியத் தொடங்கி, நள்ளிரவில் முழுசாக விரிந்து, விடிவதற்குள் துவண்டு தலைதொங்கிவிடும். அதற்குள் கற்பூரம் காட்டுவதும், பூவுக்குள்ளே ஆதிசேஷன் தெரிகிறாரா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும், செல்போனில் படம் பிடிப்பதும் நடந்து முடிந்துவிட வேண்டும்.

நம் பக்கத்தில் இதைப் பிரம்மகமலம் என்கிறோம். நிஷாகந்தி என்பவர்களும் உண்டு. இமயமலையில் இருக்கும் பிரம்மகமலம், உத்தராகண்ட் மாநிலத்தின் மலர், முற்றிலும் வேறு செடி; அது சூரியகாந்திக் குடும்பம். நம் வீட்டில் தொங்குவது மெக்சிகோவின் தென்பகுதியிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்த ஒரு கள்ளி. தாவரவியலில் எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம். ஆம், கள்ளிதான். நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிக்குப் பங்காளி முறை. அதிலும் சரி, இதிலும் சரி, நாம் இலை என்று நினைத்துக்கொண்டிருப்பது தண்டு. அந்தத் தண்டின் ஓரத்துப் பள்ளங்களிலிருந்துதான் மொட்டு வருகிறது. வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் பூக்கும் என்பது பத்திரிகையில் எழுதி எழுதி நிலைத்துப்போன பேச்சு. தேறிய செடி ஒரு பருவத்திலேயே பல தடவை பூக்கும்.

இந்தச் செடி நம் வீடுகளில் இரண்டு விதமாகச் சாகிறது. பூச்செடிதானே என்று செம்மண்ணும் மாட்டெருவும் அடைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினால், வேர் அழுகிச் சாகும். கள்ளி என்று யாராவது சொல்லக் கேட்டுவிட்டு, மணலில் நட்டு மொட்டை மாடியில் வைத்தால், வெயிலில் மஞ்சளாகி வெந்து சாகும். நர்சரியில் கேட்டால் இரண்டு யோசனையும் கிடைக்கும், ஆளைப் பொறுத்து.

இதன் பிறப்பிடத்தைப் பார்த்தால் இரண்டுமே ஏன் தப்பு என்று புரியும். இந்தக் கள்ளி பாலைவனத்தில் வளரவில்லை. மழைக்காட்டில், பெரிய மரத்தின் கிளை பிரிகிற கவட்டையில் வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் தொற்றுத்தாவரம் என்று படித்திருப்பீர்கள். நம் பாடப்புத்தகங்களில் இதற்கு எப்போதும் வாண்டா ஆர்க்கிட்டைத்தான் உதாரணம் காட்டுவார்கள். வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெலாமன் திசு என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வரும். அந்த வாண்டாவை நம் சமவெளியிலேயே மாமரத்திலும் மற்ற பெரிய மரங்களிலும் பார்க்கலாம்.

மரத்தில் ஏறி உட்கார்ந்த எதைப் பார்த்தாலும் நாம் புல்லுருவி என்று சொல்லிவிடுகிறோம். மாமரத்துக்காரர்களுக்குப் புல்லுருவிமேல் இருக்கும் கோபம் நியாயமானது. அது கிளைக்குள் வேரைச் செருகி மரத்தின் சாற்றையே குடிக்கிறது. தொற்றுச்செடி அப்படிச் செய்வதில்லை. மரத்திடம் அது கேட்பது உட்கார இடம் மட்டும். குடிப்பது மழைத்தண்ணீர். தின்பது கவட்டையில் சேர்ந்த சருகுத்தூள், தூசி, பறவை எச்சம். அங்கே மண் என்று ஒன்று ஒரு கைப்பிடிகூடத் தேறாது.

நம் கடலூர் மாவட்டத்தில் தொற்றுச்செடி குறைவு. மழைக்காட்டின் அளவுக்கு இங்கே காற்றில் ஈரம் இல்லை. ஆனாலும் பனைமரத்தின் மட்டை இடுக்கில் ஓர் ஆலங்கன்று முளைத்து நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பறவை போட்ட விதை, மட்டை இடுக்கில் சேர்ந்த தூசி, அவ்வளவுதான் மூலதனம். வேர் தரையைத் தொடும்வரை அதுவும் தொற்றுச்செடியாகத்தான் வாழ்கிறது. அப்புறம் பனையை என்ன பாடுபடுத்துகிறது என்பது வேறு கதை.

கொல்லிமலை போனவர்கள் முடவாட்டுக்கால் சூப் குடித்திருப்பீர்கள். ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு சாலையோரம் விற்கிறார்களே, அந்தக் கிழங்கு உண்மையில் ஒரு பெரணியின் தண்டு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்வது. அதற்கு இரண்டு வகை இலை உண்டு. ஒன்று பச்சையாக நீண்டு வெளியே போகும். இன்னொன்று அடியில் குட்டையாக வளர்ந்து, சீக்கிரமே பழுத்துப் பழுப்பாகி, விழாமல் அங்கேயே நிற்கும். பழுப்பு இலைக்கும் மரப்பட்டைக்கும் நடுவே சருகும் தூசியும் விழுந்து சேரும். வேர் அதற்குள் ஓடும். தனக்கு வேண்டிய தொட்டியைத் தானே செய்துகொள்கிற செடி! இந்தத் தொட்டியை நன்றாகக் கவனித்தால் நாம் செய்ய வேண்டியது என்னவென்று தெரியும். சுவர் மெல்லியது. அடைப்பு கிடையாது. உள்ளே இருப்பது பெரிய பெரிய துண்டாக உதிர்ந்த சருகு. மழை வந்தால் ஒரு நிமிஷத்தில் நனையும், நின்றால் சில மணி நேரத்தில் காயும், எந்நேரமும் உள்ளே காற்று ஓடும்.

மறுபடி கள்ளிக்கு வருவோம். கள்ளியெல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சொத்து என்பார்கள். ஒரே ஒரு கள்ளி விதிவிலக்கு. ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்று பெயர். மெல்லிய குச்சிகளாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அது ஆப்பிரிக்காவிலும், நமக்குப் பக்கத்தில் இலங்கைக் காடுகளிலும் இயற்கையாகவே மரத்தில் வளர்கிறது. எப்படி அங்கே போனது என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. பறவை வயிற்றில் கடல் தாண்டியிருக்கலாம் என்பது ஒரு கட்சி. அதுவும் தொற்றுச்செடி, அதுவும் தொங்குகிற செடி. நான் இன்று சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும். மெழுகில் செய்ததுபோலப் பூக்கிற ஹோயாவுக்கும் பொருந்தும். ஹோயா நம் எருக்கஞ்செடியின் சொந்தம். கிள்ளினால் பால் வரும். அதில் ஒரு கூடுதல் எச்சரிக்கை: பூ உதிர்ந்த காம்பைச் சுத்தம் செய்கிறேன் என்று வெட்டிவிடாதீர்கள். அடுத்த தடவையும் அதே காம்பில்தான் பூக்கும். மணி பிளாண்ட் பாதித் தொற்றுச்செடி, மண்ணிலும் சமாளித்துக்கொள்ளும். கூலிக்கு வன்னி இலையைக் கொடுக்க, அது உழைப்புக்குத் தக்கபடி பொன்னானது என்று தலபுராணம் சொல்கிற ஊரில் மணி பிளாண்டுக்கு விளம்பரம் தேவையில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

இனி வேருக்கு வருகிறேன். பேச்சின் மையமே அதுதான்.

வேர் மூச்சு விடுகிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் பரவுகிற வேகத்தோடு பார்த்தால், தண்ணீருக்குள் அது பரவுவது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு. தொட்டிக்குள் இருக்கிற இடைவெளிகளில் தண்ணீர் நின்றுவிட்டால் வேருக்கு மூச்சுத் திணறுகிறது. திணறிய வேரில் பூஞ்சை புகுகிறது. நெல்லின் வேருக்குத் தண்டு வழியாகக் காற்று இறங்கும். அதனால் சேற்றில் நிற்கிறது. மரக்கிளையில் வளர்ந்த வேருக்கு அந்த ஏற்பாடு இல்லை. அதற்குத் தேவைப்பட்டதும் இல்லை.

நாம் புதுத் தொட்டியில் நடும்போது கலவை பொலபொலவென்று இருக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் அதில் உள்ள நாரும் சருகும் மட்கித் தூளாகின்றன. ஒவ்வொரு தடவை தண்ணீர் ஊற்றும்போதும் தூள் கீழே இறங்கி இடைவெளிகளை அடைக்கிறது. கலவை அமுங்கிச் சுருங்குகிறது. செடி வளரவில்லை, தொட்டி போதவில்லை போல என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தொட்டி போதும், உள்ளே காற்று தீர்ந்துவிட்டது. தொட்டி மாற்றுவது என்று நாம் சொல்கிற வேலையின் உண்மையான பயன், வேருக்குத் தீர்ந்துபோன காற்றை மறுபடி கொடுப்பது. பழைய தொட்டியையே கழுவி, கலவையை மட்டும் புதுசாக்கி நட்டாலும் வேலை முடிந்தது.

எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு நாள் நட்சத்திரம் வேண்டாம். ஊற்றிய தண்ணீர் மேலேயே தேங்கி நின்று மெதுவாக இறங்கினால் மாற்றலாம். கலவை சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விலகி, தண்ணீர் அந்தச் சந்து வழியாகவே ஓடிவிட்டாலும் மாற்றலாம். ஈரம் இருக்கிறது, ஆனாலும் தண்டு சுருங்கித் தொய்கிறது என்றால் இனித் தள்ளிப்போடக் கூடாது. உள்ளே வேர் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் வாடுகிறதே என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கிற கொலை.

தொட்டியைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டேன். இதோ ஒரு மண் தொட்டியின் ஓடு, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு போடாதது. நாக்கில் வைக்கிறேன். பாருங்கள், ஒட்டிக்கொள்கிறது, இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இது பக்கத்துப் பட்டறையில் வாங்கிய இன்சுலேட்டர். இதையும் வைக்கிறேன். வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டுமே களிமண் வம்சம். வித்தியாசம் சூட்டிலும் சேர்மானத்திலும்தான். மண் தொட்டி 900, 1000 டிகிரிக்குள் வெந்தது. களிமண்ணில் இருந்த தண்ணீர் போன இடமெல்லாம் நுண்துளையாக அப்படியே நிற்கிறது. இன்சுலேட்டரில் சீனாக்களியோடு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்த்து 1200 டிகிரிக்கு மேலே கொண்டுபோகிறீர்கள். ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி எல்லாத் துளையையும் மூடிவிடுகிறது. மூடாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே போய் மின்சாரத்துக்கு வழி விட்டுவிடும். கம்பத்தில் உட்காரும் பீங்கானுக்கு எது குற்றமோ, அதுதான் இந்தச் செடியின் தொட்டிக்குக் குணம்.

நீங்கள் பிளாஸ்டர் அச்சில் ஸ்லிப் என்கிற களிக்குழம்பை ஊற்றுகிறீர்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சச் சுவரோரம் களி படிகிறது. மிச்ச ஸ்லிப்பைக் கவிழ்த்துவிட்டால் கப்பு நிற்கிறது. மண் தொட்டியின் சுவரும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாள் முழுக்க உள்ளே இருக்கிற ஈரத்தை இழுத்து வெளியே ஆவியாக விடுகிறது. தண்ணீர் வெளியே போன இடத்துக்குக் காற்று உள்ளே வருகிறது. ஆவியாகும்போது பானைத் தண்ணீர் குளிர்கிற மாதிரி வேரும் கொஞ்சம் குளிர்கிறது. நம் ஊர்க் கத்திரி வெயிலில் இது சின்ன உதவி இல்லை. அதே வெயிலில் தொட்டி வேகமாகக் காய்ந்தும் போகும் என்பதால், அந்த ஒரு மாதம் தண்ணீர் விடும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மண் தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூக்கிறதே, அது போர் தண்ணீரின் உப்பு. சுவர் வழியாக வந்த தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. அசிங்கமாக இருக்கிறது என்று பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய துளையை நீங்களே அடைக்கிறீர்கள். தென்னைநார் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். மழைத்தண்ணீர் குடித்து வளர்ந்த செடிக்கு உப்பு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடி வைத்துக்கொண்டால் சில வாரம் ஓடும்.

ஓட்டாஞ்சில்லு சமாச்சாரம் ஒன்று. தொட்டியின் அடியில் ஜல்லியோ ஓட்டாஞ்சில்லோ நாலு விரல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். வடியாது. எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்து நின்ற பிறகு, கலவையின் அடிப்பகுதியில் ஒரு சதசதப்பான அடுக்கு தங்கும். நுண்ணிய இடைவெளிகள் பிடித்துக்கொண்ட தண்ணீரைப் புவியீர்ப்பால் இழுக்க முடிவதில்லை. அடியில் ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதாவது வேருக்கு இன்னும் பக்கத்தில். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி சொட்டும். ஸ்பாஞ்சும் மாறவில்லை, தண்ணீரும் மாறவில்லை, உயரம்தான் மாறியது. ஓட்டைமேல் வளைந்த ஒரே ஓர் ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வையுங்கள், கலவை கொட்டிவிடாமல் இருக்க. மீதிக் காற்றோட்டத்தைக் கலவையின் துண்டு அளவில் சரிசெய்ய வேண்டும். துண்டு பெரிதானால் ஈர அடுக்கு மெல்லிசாகிவிடும்.

கலவைக்கு என்ன போடுவது? இங்கே கிடைப்பதிலேயே முடித்துக்கொள்ளலாம். தேங்காய் மட்டையைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டிய துண்டுகள் பாதி. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, சாயம் போகிறவரை மூன்று நான்கு முறை மாற்ற வேண்டும். மட்டையில் உப்பு உண்டு. உடைத்த அடுப்புக் கரி ஒரு பங்கு, சலித்த செங்கல் சில்லு ஒரு பங்கு, நன்றாக மட்கிய இலை உரம் ஒரு கைப்பிடி. மண் வேண்டாம். கடையில் செங்கல் போலக் கட்டியாக விற்கிற தேங்காய்நார்த் தூளும் இதற்கு ஆகாது. அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது.

முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் ஆராய்ச்சி நிலையமே இருக்கிற ஊர் இது, வி.ஆர்.ஐ. என்று தொடங்குகிற ரகமெல்லாம் இங்கே பிறந்தவை. ஆகவே இரண்டின் ஓட்டைப் பற்றியும் கேள்வி வரும் என்று தெரியும். முந்திரிக்கொட்டை ஓடு கூடவே கூடாது. அதன் எண்ணெய் கையையே பொத்துப்போக வைக்கும். கொட்டை உடைக்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள், வேர் என்ன பாடுபடும் என்று தெரிந்துவிடும். கடலைத்தோல் கெடுதல் செய்யாது, ஆனால் சீக்கிரம் மட்கிச் சேறாகிவிடும். ரோஜாவுக்கு மூடாக்காகப் போடுங்கள்.

பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் சூட்டில் பிஸ்க் எடுக்கும்போது விரிசல் விட்டதும் மூக்கு உடைந்ததுமாகக் கப்பும் பொம்மையும் அகலும் ஒதுக்குகிறீர்கள். அது குவியலாகப் பின்னால் கிடக்கிறது. கிளேஸ் ஏறாத அந்தச் சில்லு துளை உள்ளது, சுத்தமானது, மட்காது. பட்டாணி அளவிலிருந்து சுண்டைக்காய் அளவுவரை உடைத்துச் சலித்து, தூளைக் கழுவிவிட்டால், செங்கல் சில்லைவிட நல்ல சேர்மானம். பெருநகர நர்சரிகளில் சுட்ட களிமண் உருண்டை என்று பாக்கெட்டில் போட்டு விற்பதும் ஏறக்குறைய இதே சரக்கு. ஆனால் கிளேஸ் ஏறிய உடைசலைக் கலக்காதீர்கள். தண்ணீரும் குடிக்காது, ஓரம் வேரை அறுக்கும். பழைய பிளாஸ்டர் அச்சை உடைத்துப் போடலாமா என்று தம்பி ஒருவர் வாசலிலேயே கேட்டார். வேண்டாம் தம்பி. அது ஜிப்சம்; தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து குழைந்து, இருக்கிற இடைவெளியையும் அடைத்துவிடும்.

மாற்றும் முறைக்கு வருகிறேன். நம் ஊருக்குத் தை, மாசி சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, சித்திரைக்குள் புது வேர் பிடித்துவிடும். மொட்டு வைத்திருக்கும்போது தொடாதீர்கள். இடம் மாற்றி வைத்தாலே மொட்டை உதிர்த்துவிடுகிற செடி இது. மாற்றுவதற்கு மூன்று நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். ஈர வேர் எளிதில் முறியும். கொஞ்சம் வாடிய வேர் வளைந்துகொடுக்கும்.

தொங்குகிற தண்டுகள் இடைஞ்சல். பழைய வேட்டிக் கிழிசலால் தளர்வாக ஒரு கட்டாகச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். தொட்டியைக் கோணிப்பைமேல் படுக்கவைத்து, உள்ளங்கையால் சுற்றித் தட்டி, மெல்ல உருட்டுங்கள். பிளாஸ்டிக் தொட்டி என்றால் அமுக்கினாலே வந்துவிடும். மண் தொட்டியில் வேர் சுவரைப் பற்றிக்கொண்டிருக்கும். மரப்பட்டையைப் பற்றுவதுபோலத்தான் அதற்கு. பிடித்து இழுத்தால் நுனிவேர் எல்லாம் சுவரோடு போய்விடும். தொட்டியை உடையுங்கள். இந்த ஊரில் ஒரு தொட்டி உடைவதற்கு யாரும் கவலைப்படத் தேவையில்லை. வேர் ஒட்டிய ஓட்டுத்துண்டைப் பிரிக்காமல், வேரோடு அப்படியே புதுத் தொட்டிக்குள் வைத்துவிடலாம்.

பழைய கலவையில் தானாக உதிர்வது உதிரட்டும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். வேரை விரலால் பிடித்துப் பாருங்கள். நல்ல வேர் கம்பியாக விறைப்பாக இருக்கும். செத்த வேர் பழுப்பாக, பிடித்ததும் தோல் உரிந்து நடுநரம்பு மட்டும் கையில் வரும். அதைத் தீயில் காட்டிய கத்தரியால் வெட்டிவிட்டு, செடியை நிழலில் ஒரு நாள் அப்படியே போட்டு வையுங்கள். ஐயோ, வேர் வெளியே கிடக்கிறதே என்று பதற வேண்டாம். மரத்தில் இருக்கும்போதும் வெளியேதான் கிடந்தது. வெட்டுக்காயம் காய்ந்த பிறகு நட்டால் அழுகல் ஏறாது.

புதுத் தொட்டி பழசைவிட இரண்டு விரல்கடை அகலம் இருந்தால் அதிகம். பெரிய தொட்டியில் வைத்தால் தாராளமாக வளரும் என்று தோன்றும். வேர் போய்ச் சேராத கலவையில் உள்ள ஈரத்தைக் குடிக்க ஆளில்லை. அது தேங்கிப் புளிக்கும். இறுக்கமான தொட்டியில் நன்றாகப் பூக்கிறது என்று அனுபவஸ்தர்கள் சொல்வதற்குக் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். செடி முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வைத்து, கலவையைச் சுற்றிலும் போட்டு, தொட்டியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். கட்டைவிரலால் அழுத்தி இறுக்குகிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. இந்த ஒரு செடிக்கு மட்டும் அதை அடக்கிக்கொள்ளுங்கள். செடி ஆடினால் குச்சி நட்டுக் கட்டுங்கள்.

நட்டதும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். நான்கைந்து நாள் பொறுங்கள். காய்ந்த வேர்க்காயம் ஆறட்டும். அதன் பிறகு அடியில் ஒழுகுகிறவரை ஒரு தடவை; அடுத்த தடவை, விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பார்த்து உலர்ந்திருந்தால் மட்டும். உரம் ஒரு மாதத்துக்கு இல்லை. கிழக்கு வெயில் படுகிற தாழ்வாரம் உத்தமம். மேற்கு வெயில் ஆகவே ஆகாது.

வரவேற்பறையில் பளபளப்பான பீங்கான் தொட்டிதான் வேண்டும் என்கிற வீடுகளுக்கும் வழி உண்டு. செடி பிளாஸ்டிக் தொட்டியிலேயே இருக்கட்டும். அதைப் பீங்கானுக்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் விடும்போது வெளியே எடுத்து, முழுக்க வடித்துவிட்டு வையுங்கள். வடிக்காமல் வைத்தால் உள்ளே தேங்கும் தெளிந்த தண்ணீர் டெங்கு கொசுவுக்கு நீங்கள் கட்டிக்கொடுத்த வீடு. நகராட்சியிலிருந்து வந்து பார்க்கிறவர்கள் கொல்லைப்புற டயரைக் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். வரவேற்பறைத் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

இதைவிட நல்ல வழி உங்கள் கையில் இருக்கிறது. பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே தோண்டி எடுக்கிற களியும், அச்சும், சூளையும், கைப்பழக்கமும் இங்கேயே இருக்கின்றன. கிளேஸ் போடாத, பக்கச்சுவரில் விரல் நுழைகிற துளைகள் உள்ள, விளிம்பில் மூன்று காது வைத்த ஒரு தொங்கு தொட்டியை இந்த ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் செய்ய முடியாதா? நான் தேடியவரை கடையில் கிடைப்பது பிளாஸ்டிக் கூடை, இல்லாவிட்டால் அடியில் ஒரே ஓட்டை போட்ட கிளேஸ் தொட்டி. மூன்று காது என்பதை அழுத்திச் சொல்கிறேன். நனைந்த கலவையும் முழ நீளத் தண்டுகளும் சேர்ந்தால் நல்ல கனம். இரண்டு காதில் தொங்கினால் காற்றுக்குக் கவிழும். காது ஒட்டுகிற இடத்தில் விரிசல் விடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. இந்தச் செடியைத் தொட்டி மாற்றும்போது வயதான தண்டுகள் சிலவற்றை வெட்டினேன். ஒரு சாண் துண்டுகளாக்கி, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, பெட்டியில் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டியவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். வெட்டுவாய் காய்ந்து தழும்பேறி இருக்கிறது, இன்றே நடலாம். இரண்டு விரல்கடை ஆழம் போதும். பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். தட்டையான துண்டில் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் பலர் தலைகீழாக நட்டுவிடுகிறார்கள். அதனால் கீழ்முனையில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். நூல் இருக்கும் பக்கம் கலவைக்குள் போக வேண்டும். வாசலுக்கு இடதுபக்க மேசையில் பெட்டி இருக்கிறது.